எப்போது வரும், எப்போது போகும்: நீண்டகால ஆதரவு வெளியீடுகளின் முன்னறிவிப்பு

சேர்வர்க்காவலன் (கொக்குவில்) | 2025 செப்டெம்பர் 13, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். நான் படித்த பாடசாலையின் கணினி அறையில், இரும்பு அலுமாரிக்குப் பின்னால், ஒரு சேர்வர் இருக்கிறது. வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர்கள் 2020 இல் பணம் சேர்த்து வாங்கித் தந்தது. அதில் உபுண்டு 20.04 என்ற இயங்குதளமும், அதன்மேல் பாடங்களை இணையவழி நடத்த உதவும் மூடில் 4.1 என்ற மென்பொருளும் ஓடுகின்றன. மாணவர்களின் ஒப்படைகள், வினாத்தாள்கள், ஆசிரியர்களின் குறிப்புகள் எல்லாம் அதற்குள்தான். சம்பளமில்லாமல் அதைப் பார்த்துக்கொள்பவன் நான் ஒருவனே. கடந்த மே மாதத்துடன் 20.04 இன் வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் நின்றுவிட்டன. வருகிற டிசெம்பருடன் மூடில் 4.1 இன் காலமும் முடிகிறது.

கேள்விக்கு முன், கடந்த ஆண்டு நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். நூலகத்திலுள்ள இன்னொரு கணினியில் உபுண்டு 22.04 ஓடியது. 24.04 வெளியாகும் நாள் 2024 ஏப்ரல் 25 என்று மாதக்கணக்கில் முன்னரே தெரிந்திருந்தது. எனவே மறுநாள் அலுவலகத்தில் விடுப்பு எடுத்து, வெளி வன்தட்டொன்றில் காப்புப்பிரதி எடுத்து, மேம்படுத்தும் கட்டளையைக் கொடுத்தேன். "புதிய வெளியீடு எதுவும் காணப்படவில்லை" என்று வந்தது. இணைப்பில் பிழை என்று நினைத்து ரவுட்டரை அணைத்து எழுப்பினேன். பிறகு கைபேசி இணைப்பில் முயன்றேன். மூன்று மணி நேரம் கழித்துத்தான் வெளியீட்டுக் குறிப்பை முழுதாக வாசித்தேன். ஒரு நீண்டகால வெளியீட்டிலிருந்து (பல ஆண்டுகள் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் தரப்படும் பதிப்பிலிருந்து) அடுத்ததற்கு ஏறும் வழி, புதியதன் முதலாவது திருத்த வெளியீடு வந்த பிறகே திறக்கப்படும் என்பது அதில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. தவறு என்னுடையதுதான்.

அந்தத் திருத்த வெளியீடு ஓகஸ்ட் 15 இல் வரவிருந்து, ஓகஸ்ட் 29 க்குத் தள்ளிப்போனது. வந்த பிறகும் மேம்படுத்தும் கருவியில் கண்ட வழுவொன்றினால் அந்த வழி சிறிது காலம் மூடப்பட்டது. நான் விடுப்பு எடுத்தது ஏப்ரலில். எனக்கு வேண்டியிருந்த நாள் செப்டெம்பரில் இருந்தது.

ஆகவே என் கேள்வி இது. இத்தகைய வெளியீடுகளைப் பற்றி, அவற்றை ஆக்கும் மென்பொருள் திட்டங்கள் முன்கூட்டியே எதைச் சொல்ல வேண்டும்? எவ்வளவு முன்னதாகச் சொன்னால் எங்களைப் போன்ற தனியாட்களுக்கு உதவும்?

---

பனங்கூடல் (திருநெல்வேலி) | செப்டெம்பர் 14, காலை 6.15

தம்பி, உங்கள் கேள்விக்கு ஒரே பதில் இருக்க முடியாது, ஏனென்றால் திட்டங்களின் இயல்பு ஒன்றுபோல் இல்லை.

உபுண்டு பஞ்சாங்கம் போன்றது. நல்லூர்க் கொடியேற்றம் எந்த நாள் என்பதை அந்த ஆண்டுப் பஞ்சாங்கம் அச்சாகும்போதே அறிந்துகொள்வதைப்போல, இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில் நீண்டகால வெளியீடு வரும் என்பதை எவரும் விரல்விட்டு எண்ணலாம். பதிப்பு எண்ணே ஆண்டும் மாதமும்தான். இந்த ஒழுங்கு தொடக்கத்திலேயே ஒருமுறை பிசகியது: முதலாவது நீண்டகால வெளியீடு ஏப்ரலில் வரவிருந்து, ஆறு வாரம் பிந்தி 2006 ஜூனில் வந்ததால்தான் அதன் எண் 6.06. அதன்பின் 8.04 முதல் 24.04 வரை எல்லாம் ஏப்ரலிலேயே வந்தன.

டெபியன் என்ற இன்னொரு இயங்குதளம் பனம்பழம் போன்றது. பழுத்தால் விழும். யாரும் மரத்தைப் பிடித்து உலுக்குவதில்லை. 2002 இல் வெளியான 3.0 க்குப் பிறகு 3.1 வர 2005 ஜூன் வரை காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். அக்காலத்தில் வன்னிப் பாதை திறந்திருந்தது. கொழும்பிலிருந்து வரும் எவரிடமாவது குறுந்தட்டுகளைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, எந்தப் பதிப்பைக் கேட்பது என்று தெரியாமல் இருப்போம். இன்று நிலைமை அப்படியில்லை. டெபியன் வெளியீட்டு நாளை முன்னரே சொல்லாவிட்டாலும் உறைவு நாட்களை, அதாவது புதிய மாற்றங்களை ஏற்பதைப் படிப்படியாக நிறுத்தும் நாட்களைச் சொல்கிறது. 13 ஆம் பதிப்புக்கு 2025 மார்ச் 15, ஏப்ரல் 15, மே 15 என்று படிப்படியாக உறைவுகள் அறிவிக்கப்பட்டன. பழம் ஓகஸ்ட் 9 இல் விழுந்தது. மூன்றாவது உறைவைப் பார்த்தவர் இன்னும் சில மாதம்தான் என்று கணித்திருப்பார்.

என்னைக் கேட்டால், வரும் நாளை விடப் போகும் நாளையே முதலில் பார்க்க வேண்டும். புதியது ஒரு மாதம் பிந்தினால் எவருக்கும் பெரிய சேதமில்லை. பழையது சொன்ன நாளுக்கு முன்னால் கைவிடப்பட்டால்தான் வீட்டில் கூரை போகும்.

---

கருனிப்பித்தன் (ரொறொன்ரோ, ஊர் கோண்டாவில்) | செப்டெம்பர் 14, மாலை 5.02

முன்கூட்டிச் சொல்வது எப்போதும் நன்மை என்ற எண்ணத்துடன் இந்த இழை தொடங்கியிருக்கிறது. உபுண்டு, டெபியன் போன்றவற்றின் உள்மையமாக இருக்கும் லினக்ஸ் கருனியின் அனுபவம் வேறு மாதிரியானது, அதை இங்கே வைக்க விரும்புகிறேன்.

கருனியின் புதிய பதிப்பு ஏறத்தாழ ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை வருகிறது. அவற்றுள் ஆண்டுக்கு ஒன்றை நீண்டகாலத்துக்குப் பராமரிப்பதாக, கருனியின் பராமரிப்பாளர்களில் ஒருவரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் தெரிவு செய்கிறார். 2016 இல், 4.9 தான் அந்தப் பதிப்பாக இருக்கும் என்பது அது முடியும் முன்னரே தெரிந்துவிட்டது. அந்தப் பதிப்பில் சேர்ந்த மாற்றங்கள் 16,000 ஐத் தாண்டின. அதுவரை வந்த கருனிகளில் அதுவே மிகப் பெரியது. வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் கடைசிப் பேருந்து புறப்படப் போகிறது என்று அறிவித்தால், போகத் தேவையில்லாதவரும் மூட்டையுடன் ஓடிவந்து ஏறுவார் என்பதில் வியப்பில்லை. இந்தப் பதிப்பைத் தவறவிட்டால் அடுத்த நீண்டகாலப் பதிப்புக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்பதால், நிறுவனங்கள் அரைவேக்காட்டு நிரலையும் உள்ளே தள்ளப் பார்க்கும். பல ஆண்டுகள் நிலைத்து நிற்க வேண்டிய பதிப்புக்கு இதைவிடக் கேடான தொடக்கம் கிடையாது.

இப்போது நடைமுறை மாறியிருக்கிறது. 6.12 வெளிவந்தது 2024 நவம்பர் 17 இல். அது நீண்டகாலப் பதிப்பு என்று குறிக்கப்பட்டது டிசெம்பரில், வெளிவந்த பிறகு. ஆண்டின் கடைசிப் பதிப்பே தெரிவாகும் வழக்கத்தை அறிந்தவர்கள் ஊகித்துவிடுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஊகத்தை நம்பி மேலாளரிடம் காலக்கெடு வாங்க முடியாது அல்லவா? அந்தச் சிறு மூடுபனி வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆதரவுக் காலத்திலும் இதே எச்சரிக்கை உண்டு. 2017 இல் ஆறு ஆண்டுகள் வரை பராமரிப்போம் என்றார்கள். 2023 இல் இரண்டு ஆண்டுகளுக்கு இறங்குவதாகச் சொன்னார்கள். பராமரிப்பவர்களின் களைப்பும், பழைய பதிப்புகளைப் பயன்படுத்துவோர் குறைவு என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். குறைவாகச் சொல்லிவிட்டு, தேவை இருந்தால் நீட்டுவது இப்போதைய வழி.

---

வடமராட்சி ஆசிரியை | செப்டெம்பர் 14, இரவு 8.30

கருனிப்பித்தன் அண்ணா சொல்வது மென்பொருளை ஆக்குபவரின் பக்கம். பயன்படுத்துபவரின் பக்கத்திலிருந்து ஒரு சம்பவம் சொல்கிறேன்.

எங்கள் பாடசாலைக் கணினி அறையில் 32 பிட் செயலியுடன் பழைய கணினிகள் பன்னிரண்டு இருந்தன. 2018 இல் லுபுண்டு 18.04 ஐ நிறுவினோம். நீண்டகால ஆதரவு என்றால் ஐந்து ஆண்டுகள் என்று எங்கோ வாசித்த நினைவில், "2023 வரை கவலையில்லை" என்று பதிவேட்டில் நானே என் கையால் எழுதி, அதிபரிடம் கையொப்பமும் வாங்கினேன். ஐந்து ஆண்டுகள் என்பது முதன்மை உபுண்டுவுக்கு உரியது. லுபுண்டு, சுபுண்டு போன்ற கிளைகளுக்கு மூன்று ஆண்டுகளே. 2021 ஏப்ரலில் எங்கள் கணினிகளின் காலம் முடிந்துவிட்டது. கொரோனாவினால் பாடசாலை பூட்டியும் திறந்தும் இருந்த அந்த நாட்களில் எவரும் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த நீண்டகாலப் பதிப்பில் 32 பிட்டுக்கு இடமே இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பதிவேடு இன்னும் என் மேசையில் இருக்கிறது. "நீண்டகாலம்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஆண்டும் மாதமும் எழுதப்படாத வரை, என்னைப் போன்றவர்களுக்கு அது முன்னறிவிப்பு ஆகாது. திட்டங்கள் அதைப் பெயரிலேயே சேர்த்துவிட்டால் என்ன?

---

கணக்குப்பிள்ளை (சுன்னாகம்) | செப்டெம்பர் 15, காலை 10.11

ஆசிரியை அக்காவின் யோசனை நல்லது. ஆனால் எழுதிய ஆண்டும் மாறலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சேர்வர்களில் பலர் இலவசமாகப் பயன்படுத்திய சென்ட்ஓஎஸ் என்ற இயங்குதளத்தின் 8 ஆம் பதிப்பு வெளியானபோது 2029 வரை அதற்குப் பராமரிப்பு உண்டு என்றே எல்லோரும் கொண்டார்கள். 2020 டிசெம்பர் 8 இல், அது 2021 டிசெம்பர் 31 உடன் முடியும் என்ற அறிவிப்பு வந்தது. முந்திய பதிப்பான சென்ட்ஓஎஸ் 7 மட்டும் சொன்னபடியே 2024 ஜூன் 30 வரை நீடித்தது. அதாவது, பொறுப்பாக 8 க்கு ஏறியவர்கள் ஓராண்டுக்குள் வேறிடம் தேட வேண்டியதாயிற்று; சோம்பலாக 7 இலேயே இருந்தவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். அந்த வெற்றிடத்தில்தான் அதற்கு மாற்றாக அல்மாலினக்ஸும் ரொக்கி லினக்ஸும் தோன்றின.

இன்னொரு வகையும் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைச் சேர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ் 16 இன் முடிவு 2024 ஏப்ரல் என்று இருந்தது; அதை 2023 செப்டெம்பர் 11 க்கு முன்னே இழுத்தார்கள். காரணம் ஒளிவுமறைவில்லாதது: அது சார்ந்திருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 என்ற மறைகுறியாக்க நிரல் நூலகத்தின் ஆதரவு அன்றுதான் முடிந்தது. ஓட்டைகளை அடைக்க ஆளில்லாத நூலகத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு பாதுகாப்பு என்று சொல்ல முடியாது என்பதால், ஓராண்டுக்கு மேல் முன்னதாகவே காரணத்துடன் சொன்னார்கள். நாள் குறைந்ததில் எனக்கு வருத்தமில்லை. சொன்ன முறை சரியாக இருந்தது.

நான் இப்போது எந்த மென்பொருளைக் கடையில் ஏற்றுவதற்கு முன்பும் இரண்டு கேள்வி கேட்பேன். இதைப் பராமரிக்க யார் காசு கொடுக்கிறார்கள்? இது எதன்மேல் நிற்கிறது, அது எப்போது முடிகிறது?

---

சொல்லாக்கம் (நல்லூர்) | செப்டெம்பர் 15, இரவு 11.20

இங்கே எவரும் தொடாத ஒரு பக்கம் மொழிபெயர்ப்பு. நான் பல ஆண்டுகளாகத் தமிழ் இடைமுக மொழிபெயர்ப்பில் இயன்றதைச் செய்து வருகிறேன்.

எந்த வெளியீட்டிலும் ஒரு கட்டத்துக்குப் பிறகு திரையில் தோன்றும் ஆங்கிலச் சொற்றொடர்களை மாற்றக்கூடாது என்று உறையவைப்பார்கள். அதற்கும் மொழிபெயர்ப்பு ஒப்படைக்கும் கடைசி நாளுக்கும் இடைப்பட்ட சில வாரங்களே எங்களுக்குரியவை. சாதாரண வெளியீட்டில் ஒரு சொல் தவறினால் ஆறு மாதத்தில் திருத்தலாம். நீண்டகால வெளியீட்டில் தவறினால், இடையில் மொழிப்பொதி இற்றைப்படுத்தப்பட்டாலொழிய, பாடசாலைப் பிள்ளைகள் அந்தத் தவறை ஆண்டுக்கணக்காக வாசிப்பார்கள். பொத்தானில் 'சேமி' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'காப்பாற்று' என்று இருந்ததைப் பார்த்து, "எதிலிருந்து காப்பாற்றுவது, ரீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

உபுண்டுவின் ஏப்ரல் வெளியீடு, மார்ச்சில் வரும் க்னோம் மேசைத்தளத்தை எடுத்துக்கொள்கிறது, 24.04 இல் க்னோம் 46 இருப்பது அதனால்தான். ஆகவே எங்களுடைய உண்மையான காலக்கெடு மாசி மாதத்திலேயே வந்துவிடுகிறது. எந்த வெளியீடு நீண்டகாலத்துக்குரியது என்பது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தெரிவதால், நாங்கள் கையிலுள்ள நான்கைந்து பேரையும் அந்த ஒரு சுற்றுக்குத் திரட்டலாம். கருனிப்பித்தன் சொன்ன மூட்டைக்காரர்கள் நிரலுக்குக் கேடாக இருக்கலாம். மொழிபெயர்ப்புக்கோ கடைசி நேரத்திலாவது மூட்டையுடன் நாலு பேர் ஓடிவர மாட்டார்களா என்பதே எங்கள் ஏக்கம்.

---

கருனிப்பித்தன் | செப்டெம்பர் 16, அதிகாலை 4.48

ஏற்றுக்கொள்கிறேன். நிரலை ஏற்றுபவருக்குக் கடைசி நாளைச் சொல்வதும், நிரல் உறைந்த பிறகு வேலை தொடங்குபவருக்குச் சொல்வதும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசிவிட்டேன்.

---

சேர்வர்க்காவலன் | செப்டெம்பர் 16, இரவு 7.55

எல்லோருக்கும் நன்றி. கணக்குப்பிள்ளை அண்ணாவின் இரண்டாவது கேள்வியை என் சேர்வரிடம் கேட்டுப் பார்த்தேன், தலை சுற்றியது. உபுண்டுவுக்கு ஒரு நாள், மூடிலுக்கு ஒரு நாள், மூடில் எழுதப்பட்ட நிரல்மொழியான, இடையிலுள்ள பிஎச்பிக்கு வேறொரு நாள். எதை முதலில் தொடுவது?

---

பனங்கூடல் | செப்டெம்பர் 17, காலை 6.05

பொறுமையாகப் பார்ப்போம். உங்கள் 20.04 இல் இருப்பது பிஎச்பி 7.4. அதை ஆக்கியவர்கள் 2022 நவம்பரிலேயே கைவிட்டுவிட்டார்கள். அதன்பின் உங்களுக்கு வந்த ஒட்டுகள் எல்லாம் உபுண்டுக்காரர்கள் போட்டவை. கடந்த மே மாதத்துடன் அவர்களும் நிறுத்தினார்கள்.

நீங்கள் போய்ச்சேர வேண்டிய அடுத்த நீண்டகாலப் பதிப்பு மூடில் 4.5. அதற்குக் குறைந்தது பிஎச்பி 8.1 வேண்டும், 8.3 வரை ஏற்கும். இப்போதுள்ள மூடில் 4.1 ஓ 7.4 இலிருந்து 8.1 வரை மட்டுமே ஏற்கும். ஆகவே பழைய மூடிலும் புதிய மூடிலும் சேர்ந்து நிற்கக்கூடிய படி ஒன்றே ஒன்று, 8.1. நல்ல வேளையாக உபுண்டு 22.04 இல் வருவது அதே 8.1. முதலில் 20.04 இலிருந்து 22.04 க்கு ஏறுங்கள். மூடில் மாறாமல் ஓடும். ஒரு வாரம் கவனித்துவிட்டு மூடிலை 4.5 ஆக்குங்கள். உங்களுடையது 4.1.2 அல்லது அதற்குப் பிந்தியதா என்பதை மட்டும் முன்பே பாருங்கள். அதற்கு முந்தியதிலிருந்து 4.5 க்கு நேரே தாவ முடியாது. அதன்பின் ஆறுதலாக 24.04 க்குப் போகலாம், அங்கே 8.3.

புதிதாக வந்திருக்கிறதே என்று டெபியன் 13 க்குத் தாவ வேண்டாம். அதிலுள்ளது 8.4, மூடில் 4.5 அதை ஏற்காது. இரண்டும் நீண்டகாலம் பராமரிக்கப்படுபவைதான், ஆனால் ஒன்றுடன் ஒன்று பொருந்தவில்லை. இதை எந்த ஒரு திட்டத்தின் அறிவிப்பும் உங்களுக்குச் சொல்லாது, ஏனென்றால் ஒவ்வொன்றும் தன் நாளை மட்டுமே அறிவிக்கிறது. இரண்டு பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வீட்டுக்காரரின் வேலை. வாக்கியமும் திருக்கணிதமும் ஒரே நாளைச் சொல்லாத ஊரில் பிறந்த நமக்கு இது புதிதல்ல.

---

கணக்குப்பிள்ளை | செப்டெம்பர் 17, காலை 9.30

ஐயா, மூன்று முறை ஏறுவதை விட, புதிய வன்தட்டில் 24.04 ஐயும் மூடில் 4.5 ஐயும் நேரடியாக நிறுவி, தரவுத்தளத்தையும் கோப்புகளையும் கொண்டுவந்து இறக்கினால் ஒரே நாளில் முடியும். பழைய வன்தட்டைக் கழற்றி அலுமாரியில் வைத்தால் அதுவே காப்புப்பிரதி.

---

பனங்கூடல் | செப்டெம்பர் 17, மதியம் 12.40

முடியும், கைப்பழக்கம் உள்ளவருக்கு அது நல்ல வழி. தனியொருவர் ஞாயிறு மாலைக்குள் முடித்துத் திங்கள் காலை வகுப்புக்குக் கொடுக்க வேண்டிய இடத்தில், ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு ஏதாவது ஓடாவிட்டால் எது உடைந்தது என்று தேடுவது கடினம். அதனால்தான் படிப்படியாகச் சொன்னேன். பழைய வன்தட்டைக் கழற்றி வைக்கும் யோசனையை மட்டும் நானும் எடுத்துக்கொள்கிறேன்: முதலில் அதைப் பிரதியெடுத்து, பிரதியில் வேலை செய்யுங்கள்.

---

சேர்வர்க்காவலன் | ஒக்டோபர் 6, இரவு 10.15

முதற்படி முடிந்தது. சனிக்கிழமை காலை வன்தட்டைப் பிரதியெடுத்து, மாலைக்குள் 22.04 க்கு ஏறினேன். மூடில் எழுந்தது, நுழைய முடிந்தது, பழைய ஒப்படைகள் திறந்தன. மகிழ்ச்சியுடன் வீட்டுக்குப் போனேன்.

இன்று காலை எட்டரை மணிக்குக் கணித ஆசிரியர் அழைத்தார். ஸ்கேன் செய்த வினாத்தாளை ஏற்ற முடியவில்லை, கோப்பு பெரிது என்கிறது என்றார். பிஎச்பி 8.1 தனக்கென்று புதிய அமைவுக் கோப்புடன் வந்திருந்தது, 7.4 இன் கோப்பில் நான் 64 மெகாபைட் என்று உயர்த்தி வைத்திருந்த எல்லை அதில் இல்லை. ஏற்றும் எல்லை இயல்பான 2 மெகாபைட்டுக்குத் திரும்பியிருந்தது. ஐந்து நிமிடத்தில் திருத்தினேன். அந்த ஐந்து நிமிடமும் ஆசிரியர் தொலைபேசியில் காத்திருந்தார்.

மூடில் 4.5 க்கு இம்மாதக் கடைசி வார இறுதியை ஒதுக்கியிருக்கிறேன். அலுமாரிக் கதவில் ஒரு தாள் ஒட்டியாயிற்று: உபுண்டு 22.04, 2027 ஏப்ரல் வரை, மூடில் 4.5, 2027 ஒக்டோபர் வரை, 26.04 வந்தாலும் அதன் முதலாவது திருத்த வெளியீட்டுக்கு முன் தொடக்கூடாது. பழைய மாணவர் சங்கத்துக்கும் இதே தாளை அனுப்பினேன். அடுத்த சேர்வருக்கு எப்போது பணம் சேர்க்க வேண்டும் என்று இனி அவர்களே கேட்பார்கள்.

---

வடமராட்சி ஆசிரியை | ஒக்டோபர் 6, இரவு 10.52

அதிபருக்கும் ஒரு பிரதி கொடுங்கள், தம்பி. கையொப்பம் வாங்குவதற்கு முன் எல்லா நாட்களையும் இன்னொருவரைக் கொண்டு சரிபாருங்கள்.